பலாமரத்துக்குப் போகிற தடம்

அத்தியாயம் 11

"சொத்துக்குச் செல்லும் வழி ஆவணத்தில் காணப்படவில்லை."

வங்கியின் வக்கீல் எழுதிய இந்த ஒரு வரிதான் பத்து நாளாகப் பழனிமுத்துவின் வீட்டில் சோற்றையும் தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டிருந்தது. ஐந்தே வார்த்தை. அதைச் சுகந்தி தலைகீழாக ஒப்பிப்பாள்.

மலைமேல் சோளக்காடு என்கிற ஊருக்கு மேலே, ரோட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், பழனிமுத்துவுக்கு இரண்டே கால் ஏக்கர் மிளகுக்காடு. அதற்குள்ளேயே வீடு. ரோட்டிலிருந்து வீட்டுக்கு வர வேண்டுமென்றால் பங்காளி ராசுவின் காட்டு வழியாகத்தான் வர வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சுகந்தி மருமகளாக ஏறி வந்தது அந்தத் தடத்தில்தான். வங்கி மேலாளர் ஜீப்பில் வந்ததும் அதே தடத்தில்தான். மிளகை உதிர்த்துக் காயவைக்க ஒரு கூடம் கட்டக் கடன் தரலாம் என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு அதே தடத்தில்தான் அவர் இறங்கியும் போனார். ஆனால் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் அதில் தடம் இல்லை. கண்ணால் பார்த்தது இருக்கட்டும், காகிதத்தில் இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

போதாக்குறைக்கு, போன வெள்ளிக்கிழமை தடம் ரோட்டைத் தொடுகிற இடத்தில் இரண்டு கல்லுக்கால் முளைத்துவிட்டன. கேட் இன்னும் போடவில்லை. இப்போதைக்கு ஆள் நுழையலாம், ஆடு நுழையலாம். ஜீப் நுழையாது. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று பன்னிரண்டு வருஷம் ஆகிறது என்பதால், ஏன் நட்டாய் என்று போய்க் கேட்கவும் ஆளில்லை.

கடன் வந்தால் கூடம். கூடம் வந்தால் ராஜதுரை வீட்டோடு இருப்பான். சுகந்திக்கு இந்தக் கணக்கு ஒன்றுதான். அவள் புருஷன் ராஜதுரை போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் டிரில்லர். மழைக்காலத்தில் ஒரு மாதம் வீட்டில் இருப்பான், மீதி நாளெல்லாம் மத்தியப் பிரதேசத்துப் பாறையில் இருப்பான். அப்பா என்றால் போனுக்குள் இருக்கிறவர் என்று நினைத்துத்தான் மகள் ஆர்த்தி ஆறு வயசு வரை வளர்ந்திருந்தாள். வண்டி ஆடிப் பதினெட்டு கழிந்ததும் கிளம்புகிறது. வருகிறாயா இல்லையா என்று புதன்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும் என்று முதலாளி கெடு வைத்திருந்தார்.

இன்றைக்குப் புதன்கிழமை.

*

"அக்கா, வெளிநாட்டுலெல்லாம் நெலத்துக்கே இன்சூரன்ஸ் இருக்குதாமா. பத்திரத்துல ஏதாவது கோளாறு வந்தா கம்பெனி நட்டஈடு குடுத்துரும்."

ஓசூரிலிருந்து சுகந்தியின் தம்பி முரளி போனில் சொன்னான். கூரியர் கம்பெனியில் வேலை பார்த்தாலும் உலக விஷயம் முழுக்க அவனுக்கு அத்துபடி.

பக்கத்தில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த பழனிமுத்துவின் காதில் அது விழுந்தது.

"மாட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டா காதுல தோடு குத்தறான். தடத்துக்கு எங்க குத்துவானாம், கேளு கண்ணு."

 சுகந்திக்கு அதைக் கேட்க நேரமில்லை. ஏழே காலுக்குப் பஸ். ஒரு எலுமிச்சம்பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டு ஓடினாள்.

அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மாமனார் பழனிமுத்துவுக்கு இந்தக் காடு அவருடைய அப்பா எழுதிக் கொடுத்தது. அந்தப் பத்திரத்தில் தடம் இல்லை, சரி. ஆனால் அதற்கு முன்னால் அந்த அப்பாவும் ராசுவின் அப்பாவும் அண்ணன் தம்பிகள், சேர்ந்திருந்தவர்கள். பிரித்துக்கொண்டபோது எதையாவது எழுதாமலா இருந்திருப்பார்கள்? வங்கி வக்கீல் பார்த்தது முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றுதான். அதற்கும் பின்னால் போய்ப் பார்த்தால்? போன வாரமே மலைக்குக் கீழே சேந்தமங்கலம் பத்திர ஆபீசுக்குப் போய்ப் பழைய பத்திரத்தின் நகலுக்கு மனுப் போட்டுவிட்டு வந்திருந்தாள். வீட்டில் யாரிடமும் பெரிதாகச் சொல்லவில்லை. ஒன்றும் கிடைக்காவிட்டால் சிரிப்பார்கள்.

மலையிறங்க எழுபது வளைவு. நாற்பத்தி மூன்றாவது வளைவில் பஸ் நின்றுவிட்டது. கீழேயிருந்து ஒரு லாரி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தது.

"ஏனுங்க, நாம முன்னால போயிரலாமல்ல?" என்றார் பின்சீட்டுக்காரர் ஒருவர்.

"ஏறி வாரவனுக்கு எறங்கறவன்தான் ஒதுங்கோணும்," என்றார் டிரைவர், எஞ்சினை அணைத்தபடியே. "ஊருக்கே தெரிஞ்ச சட்டம்."

லாரி கடந்து போனது. சுகந்தி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

*

நகல் கைக்கு வந்தபோது மணி பதினொன்றரை. 1979-ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம். கையெழுத்து எறும்பு வரிசையாக இருந்தது. அந்த ஐந்து வார்த்தையை எழுதிய வக்கீல் அருணாவின் அறை அடுத்த தெருவில்தான். சுகந்தி நேரே அங்கே போய் உட்கார்ந்தாள்.

அருணா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். முதல் தாளில் வடக்கு தெற்கு எல்லைகள். அடிப்பக்கக் காடு தம்பிக்கு, அதாவது ராசுவின் அப்பாவுக்கு. மேல்பக்கக் காடு அண்ணனுக்கு. இரண்டாம் தாளில் அருணாவின் விரல் நின்றது.

"வீட்டுக்குத் தடம் எழுதல சுகந்தி."

சுகந்தி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். 

"பலாமரத்துக்கு எழுதியிருக்காங்க," என்றார் அருணா. அவர் குரலிலேயே ஒரு குறுகுறுப்பு இருந்தது. வாய்விட்டே படித்தார்.

"'மேல்பக்கக் காட்டின் தலைமாட்டில் உள்ள பெரிய பலாமரம் நம் இருவருக்கும் பொது. அதன் பழங்களை வருஷா வருஷம் சரிபாதியாக எடுத்துக்கொள்ள வேண்டியது. மேற்படி மரத்துக்குப் போக வர, ரோட்டிலிருந்து அடிப்பக்கக் காட்டின் வழியாக உள்ள தடத்தை, தலையில் பலாச்சுமை எடுத்த இரண்டு ஆட்கள் எதிரெதிரே வந்தால் ஒருவர்மேல் ஒருவர் படாமல் ஒதுங்கிப் போகும் அகலத்தில், நாமும் நம் வாரிசுகளும் எக்காலமும் விட்டுவைக்க வேண்டியது.'"

அருணா தாளிலிருந்து நிமிர்ந்தார்.

"அந்த மரம் இப்ப இருக்குதா?"

"இருக்குதுங்க மேடம். எங்க ஊட்டுக்கு மேல, காட்டுக் கடைசில. இந்த வருசமும் அம்பது பழத்துக்கு மேல காய்ச்சிருக்குது."

"அப்ப ரோட்டுலருந்து மரத்துக்குப் போற தடம் உங்க வீட்டத் தாண்டித்தான் போகுது?"

"எங்க வாசல்லதானுங்க போகுது."

அருணா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இருபது வருஷமாகப் பத்திரம் படிக்கிறவர். வீட்டுக்கு வழி எழுதாமல் மரத்துக்கு வழி எழுதியதை இப்போதுதான் பார்க்கிறார்.

சுகந்தி தயங்கித் தயங்கி முரளி சொன்ன இன்சூரன்ஸ் கதையையும் கேட்டுவிட்டாள். கேட்காவிட்டால் அவளுக்கு மண்டை வெடித்துவிடும்.

"இருக்குது. நம்ம பக்கம் பெரிய பெரிய அடுக்குமாடிக்கு எடுக்கறாங்க. ரெண்டே கால் ஏக்கர் மிளகுக்காட்டுக்கு எந்தக் கம்பெனி மலையேறி வரும்? உங்களுக்கு இன்சூரன்ஸ் இந்தப் பழைய தாள்தான். ஆனா இதுல மூணு சிக்கல் இருக்குது. அகலம் அடிக்கணக்குல வேணும், ஜீப் போகப் பத்தடியாவது இருக்கணும். ரெண்டாவது, அடிப்பக்கக் காடு இப்ப யார் பேர்ல இருக்குதோ அவங்க வந்து, ஆமா இதுதான் தடம்னு கையெழுத்துப் போட்டுப் பதியணும்."

"மூணாவதுங்க?"

"பத்திரத்த எடுத்தா முழுசா எடுக்கணும். பாதிப் பழம் அவங்களுக்குக் குடுக்கறீங்களா?"

சுகந்தி நகலை வாங்கி மடித்தாள். ஒன்பது வருஷத்தில் அந்த மரத்துப் பழம் ஒன்றுகூட ராசு வீட்டுக்குப் போய் அவள் பார்த்ததில்லை.

*

மதியச் சாப்பாடு முடிந்த நேரம். கட்டிலில் உட்கார்ந்து ராஜதுரை போனைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். முதலாளியிடமிருந்து காலையிலிருந்து மூன்று அழைப்பு. எடுக்கவில்லை.

சுகந்தி பத்திரத்தை நின்றபடியே படித்தாள். ராஜதுரை சிரித்துவிட்டான்.

"மரத்துக்குத் தடம், மனுசனுக்கு இல்லியா? எந்த ஊருப்பா இந்தக் கூத்து?"

"சிரிக்காத," என்றார் பழனிமுத்து. "ஊட்டுக்குப் போறவன எவன் தடுப்பான்? அத எழுதுனா கேவலம்னு உட்டிருப்பாங்க. பலாவுக்குத்தான் சண்டை வரும். சண்டை வார எடத்தத்தான எழுதி வெக்கோணும்?"

அதில் நியாயம் இருந்தது. அந்த இரண்டு அண்ணன் தம்பிகளும் முட்டாள்கள் இல்லை. பலாவுக்காக அடித்துக்கொள்வார்கள் என்று தெரிந்தவர்களுக்கு, வீட்டு வாசலுக்கே கல் நடுவார்கள் என்று மட்டும் தோன்றவில்லை.

"அப்பறம் சண்டை வந்துச்சுங்களா மாமா?" என்று கேட்டாள் சுகந்தி.

பழனிமுத்து எழுந்தார். மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டும் என்றார்.

"காட்டியாச்சுங்க."

உட்கார்ந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கோயில் விஷயத்தில் மனஸ்தாபம் என்றுதான் இத்தனை வருஷமும் வீட்டில் சொல்லி வைத்திருந்தார்.

"பன்னண்டு வருசத்துக்கு முன்னால பேளுக்குறிச்சி யாவாரி ஒருத்தன் வந்தான். மரத்துப் பழத்த மொத்தமா எடுத்துக்கறேன்னான். உன்ற மாமியா அப்ப ஆஸ்பத்திரில இருந்தா. சரின்னுட்டேன். ராசுகிட்டக் கேக்கல. பாதிய அடுத்த வருசம் சேத்துக் குடுத்துக்கலாம்னு நெனச்சேன்."

"குடுத்தீங்களா?"

"அடுத்த வருசம் போறதுக்குக் கூச்சமா இருந்துச்சு. அதுக்கடுத்த வருசம் அந்தக் கூச்சமே கோவமாயிருச்சு சாமி. அவன் வந்து கேட்டானான்னு நானே கேக்க ஆரம்பிச்சுட்டேன்."

ராஜதுரை அப்பாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கோபப்படுவதா பாவப்படுவதா என்று அவனுக்குப் புரியவில்லை. சுகந்திக்கு மட்டும் கோபம்தான் வந்தது. இந்தக் கிழவரின் கூச்சத்துக்காகத் தன் புருஷன் பாறை உடைக்கப் போக வேண்டுமா?

அரிவாளை எடுத்துக்கொண்டு மரத்தைப் பார்க்க மேலே போனாள்.

*

நல்ல பழுத்த பழம், வாசனை பத்தடிக்கு முன்னாலேயே வந்தது. அதை அறுக்காமல், முழுசாகத் தலையில் வைத்து, கத்தியையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் கையில் பிடித்துக்கொண்டு ராசு வீட்டு வாசலில் போய் நின்றாள் சுகந்தி. பின்னாலேயே ராஜதுரை வந்தான். ரொம்பப் பின்னால் பழனிமுத்து வந்தார், வேறு வேலையாக வருகிறவர் மாதிரி.

ராசு கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அத்தாயி கதவோரம் நின்றாள்.

"சின்ன மாமா, பொது மரத்துப் பழமுங்க. இங்கயே வெச்சு அறுக்கறேன். அறுக்கறவங்க கடைசியா எடுக்கறதுதான மொறை? நீங்க மொதல்ல எடுத்துக்கோணும்."

ராசு கயிற்றைக் கீழே வைத்தார். 

"பன்னண்டு வருசத்துப் பழம் இதுல அடங்குமா கண்ணு?"

"அடங்காதுங்க. இது இந்த வருசத்துது மட்டுந்தானுங்க."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. கத்தியில் எண்ணெய் தடவி அவள் அறுத்ததும் குனிந்து, இரண்டில் சிறியதாகத் தெரிந்த பாதியை எடுத்து அத்தாயியிடம் நீட்டினார். அத்தாயி கையை நீட்ட ஒரு கணம் தாமதித்தாள்.

சுகந்தி பத்திரத்தைப் படித்தாள். சுமை எடுத்த இரண்டு ஆட்கள் என்கிற இடத்தில் ராசு தலையாட்டினார்.

"எங்கய்யன் சொல்லுவாரு. அளவுகோலு தொலஞ்சு போவும், பலாப்பழம் தொலயாதும்பாரு."

"அத அடிக்கணக்குல எழுதோணுமாமுங்க. ஜீப்புக்குப் பத்தடியாவது வேணுங்கறாங்க வக்கீலம்மா."

"ஏனுங்க," என்று அத்தாயி வாயெடுத்தாள். "அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிரலாமுங்க. கவிதா..."

"பொறவு பேசிக்கலாம்," என்றார் ராசு. கவிதா அவர்களுடைய ஒரே மகள். திருப்பூரில் பனியன் கம்பெனி ஆபீசில் இருக்கிறாள். சித்திரையில் காரில் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். "பத்திரத்துல எப்பிடி இருக்குதோ அப்பிடியே அளந்து பாத்துரலாம். ரெண்டு பழம் கொண்டாங்க. ஒண்ண நான் எடுக்கறேன்."

இன்னொன்றை யார் எடுப்பது என்று யாரும் கேட்கவில்லை. நாமும் நம் வாரிசுகளும் என்றுதான் எழுதியிருக்கிறது.

*

ராஜதுரை இரண்டு பெரிய பழமாக இறக்கிக்கொண்டு வந்தான். பழனிமுத்து துண்டைச் சும்மாடு கட்டிக்கொண்டு வீட்டுப் பக்கமிருந்து இறங்கினார். ராசு ரோட்டுப் பக்கமிருந்து ஏறினார். சுகந்தி டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு கல்லுக்கால்களுக்குப் பக்கத்தில் நின்றாள்.  சாதாரணமாக ஒதுங்கினால் ஆறடி, மிஞ்சிப் போனால் ஏழடி. அது நடக்கத்தான் ஆகும்.

இரண்டு பேரும் வயசாளிகள். சுமையோடு கழுத்தைத் திருப்ப முடியாது. ஒருவரையொருவர் பார்த்தபடியேதான் வர வேண்டும். பன்னிரண்டு வருஷமாகப் பார்க்காமல் தாண்டிப் போன முகங்கள்.

கல்லுக்கால்களுக்கு நாலு எட்டு மேலே இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள்.

ஏறி வருகிறவனுக்கு இறங்குகிறவன் ஒதுங்க வேண்டும். இறங்கி வந்தவர் பழனிமுத்து.

அவர் நின்றபடியே இருந்தார்.  ஒரு எட்டு, மாமா, ஒரே ஒரு எட்டு என்று சுகந்தி மனசுக்குள் கெஞ்சினாள். பழனிமுத்துவின் தாடை இறுகி, பிறகு தளர்ந்தது. இடது காலை எடுத்துத் தடத்தின் ஓரத்தில் வைத்தார். வழி விட்டுவிட்டார்.

ராசு போகவில்லை. சுமையோடு அங்கேயே நின்றார்.

"இன்னுங் கொஞ்சம் ஒதுங்குண்ணா," என்றார்.

பழனிமுத்து இன்னொரு எட்டு ஒதுங்கினார்.

"இன்னும்."

"அதுக்கு மேல உன்ற மொளகுக்கொடி இருக்குதுடா," என்றார் பழனிமுத்து. 

"இருக்கட்டும். ஜீப்பு போவோணும்ல? கொடிய நான் மாத்தி நட்டுக்கறேன். கல்லுக்காலையும் தள்ளி நட்டுக்கலாம்."

பழனிமுத்து அந்தக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தடி வரைக்கும் போய், கொடியின்மேல் முதுகு படும்படி நின்றார். ராசு எதிர்ப்பக்கம் தன் வரப்பை ஒட்டி நடந்து கடந்து போனார். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். சுமையைத் தாங்கிய கையால் துடைக்கவும் முடியவில்லை.

சுகந்தி டேப்பின் ஒரு முனையை மாமனார் காலடியில் வைத்தாள். ராஜதுரை மறுமுனையை ராசு நடந்த தடத்தில் வைத்து இழுத்தான்.

பன்னிரண்டடி.

அவள் இரண்டு தடவை பார்த்தாள். பன்னிரண்டடியேதான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

ராஜதுரையின் போன் நாலாவது தடவை அடித்தது. இந்தத் தடவை எடுத்தான்.

"இல்லீங்க மொதலாளி. நான் வரல. வேற டிரில்லர் பாத்துக்குங்க. ஆமாங்க, நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன். எங்கூட்டுக்குத் தடம் கெடச்சிருச்சுங்க."

வைத்துவிட்டு மனைவியைப் பார்த்துச் சிரித்தான். கல்யாணத்தன்று சிரித்த சிரிப்பு. அதற்கப்புறம் அதை அவள் போன் திரையில்தான் பார்த்திருக்கிறாள்.

"நாளைக்கே சேந்தமங்கலம் போயிரலாமுங்க சின்ன மாமா," என்றாள் சுகந்தி. "நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

ராசு பழத்தை இறக்கி வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். துண்டை எடுக்கவில்லை.

அத்தாயிதான் முன்னால் வந்தாள்.

"அவரு போட்டா செல்லாது கண்ணு. காட்டச் சித்திரையிலயே கவிதா பேருக்கு எழுதிக் குடுத்துட்டோம். கல்லுக்கால் நடச் சொன்னதும் அவதான்."

ராஜதுரையின் கையில் போன் இன்னும் சூடு ஆறவில்லை.

"சொன்னாக் கேக்க மாட்டாளாங்க சின்னத்தை? எல்லாருஞ் சமாதானமாயிட்டோமே," என்றாள் சுகந்தி.

 அத்தாயி பழனிமுத்துவை நிமிர்ந்து பார்த்தாள். அவர் இன்னும் தலைச்சுமையோடு அந்த மிளகுக்கொடிக்கு அடியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"மாமா, அந்த வருசம் யாவாரி பழத்த ஏத்துன அன்னைக்கு, பாதிய வாங்கிட்டு வாரேன்னு கூடையத் தூக்கிட்டு உங்கூட்டுக்கு ஒரு புள்ள வந்துச்சே, நெனவிருக்குதுங்களா? வெறுங்கூடையோட திருப்பியனுப்புனீங்களே. அது எங்க கவிதாதானுங்க."